நாற்பது நொடிக் குப்பை

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘காது’. யார் வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அடுத்த அறை மின்விசிறியில் ஓர் ஆணி தளர்ந்தால் என் நாற்காலியில் இருந்தபடியே சொல்வேன். தொலைபேசியில் பேசுகிறவர் உட்கார்ந்து பேசுகிறாரா, படுத்துக்கொண்டு பேசுகிறாரா என்றும் சொல்வேன். இந்த மண்டைக்கனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் ஏதோ கைதவறி நடந்தது போலத் தெரியும். கைதவறவில்லை. நிதானமாக, நாலு மாதம் உட்கார்ந்து செய்தேன்.

எங்கள் வேலை பழைய கூத்துகளை இணையத்தில் ஏற்றி வைப்பது. யார் வீட்டுப் பரணிலோ கிடந்த கேசட்டுகளும் பாட்டு நோட்டுகளும் எங்களிடம் வந்து சேரும். துடைத்து, ஓடவிட்டு, கணினியில் பிடித்து, யார் ஆடியது, யார் பாடியது, யார் மத்தளம் என்று அட்டவணை போட்டு, எவரும் காசில்லாமல் கேட்கும்படி வைப்போம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாலு அறைகள். அதில் சன்னல் இல்லாதது என்னுடையது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்திவிட்டால் என் கைக்கடிகாரம் எனக்கே தொந்தரவு.

அந்த எட்டு கேசட்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்தன. ஒரே கூத்துக் குழு, ஒரே கதை, பதினொரு மணி நேரம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு ரசிகர் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு தடவை ஓடும்போதே பழுப்புத் தூள் கொட்டியது. இரண்டாவது தடவை ஓடாது என்று பார்த்ததுமே தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டையும் ஓட்டி முடித்தேன். ஓட்டி முடித்தபோது மேசையெல்லாம் தூள், கேசட்டுக்குள் வெறும் பிளாஸ்டிக் நாடா. ஆனால் கணினியில் பதினொரு மணி நேரமும் பத்திரமாக இருந்தது.

குரல்கள் நான் பயந்ததைவிடத் தெளிவாக இருந்தன. ராஜா வேஷக்காரருக்குத் தகரக் கூரையைக் கிழிக்கிற குரல். ஆனால் ஒரு தொல்லை. அவர் ‘கோட்டை வாசலை அடைத்தவன் யாரடா’ என்று பாட எழுவதற்கு ஒரு மூச்சு முன்னால், ‘கோட்டை வாசல்’ என்று ஒரு முணுமுணுப்பு. அடுத்த அடிக்கும் அப்படியே. ராணி பேசுமுன், மந்திரி பேசுமுன், காவல்காரன் கொட்டாவி விட்டபடி பேசுமுன், எல்லாவற்றுக்கும் முன்னால் அதே குரல். ஆர்மோனியத்துக்குப் பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு அடி எடுத்துக் கொடுப்பவர். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

நான் இப்படி வாதாடினேன், எனக்குள்ளேயே: அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த முணுமுணுப்பு கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்காதது இணையத்தில் கேட்பவனுக்கு மட்டும் எதற்கு? இன்றைக்கும் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு குரலை மட்டும் பிரித்து எடுக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் எந்தக் குரலை எடுக்க வேண்டும் என்று அதற்கு முதலில் காட்ட வேண்டும். தனியாக, வேறு யாரும் கலக்காமல், அரை நிமிடமாவது வேண்டும். தேடிப் பிடித்தேன். ஐந்தாவது கேசட்டில் ராஜா அடியை அடியோடு மறந்துவிடுகிறார். எடுத்துக்கொடுப்பவர் சொல்கிறார். ராஜாவுக்கு ஏறவில்லை. மறுபடி சொல்கிறார், மறுபடியும். மத்தளக்காரரும் கையை நிறுத்திவிட்டார். நாற்பது நொடி அந்தக் குரல் மட்டும். அதை வெட்டி எடுத்துத் தனி ஃபைலாக வைத்து, ‘குப்பை 1’ என்று பெயர் கொடுத்தேன். மென்பொருள் கற்றுக்கொண்டது. அது விட்டதை நான் கையால் துடைத்தேன். இருமல், தொண்டைச் செருமல், பக்கம் புரட்டும் சத்தம், எல்லாம். துடைத்த இடத்தில் வெற்று மௌனம் உறுத்தக் கூடாதென்று கூட்டத்தின் இரைச்சலைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து ஒட்டினேன்.

நாலு மாதம் கழித்து, அலுவலகக் கூட்டத்தில் எங்கள் இயக்குநர் அம்மா அதை ஒலிக்கவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். “நேத்து பாடின மாதிரி இருக்கு, காது,” என்றார் அவர். அப்புறம், “மூல ஃபைல் நிறைய இடம் புடிக்குது. அழிக்கறதா வெச்சுக்கறதா? நீங்க சொல்லுங்க,” என்று கேட்டார்.

“இதைக் கேட்டப்புறம் மூலம் யாருக்கு வேணும் மேடம்?” என்றேன் நான். சிரித்துக்கொண்டு சொன்னேன். அழிக்கும் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு வருடம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரவேற்பில் யாரோ என்னைப் பார்க்கக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா. கழற்ற மறந்துவிட்டார் போல. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாராம்.

“நீங்கதான் அந்தக் கூத்தைச் சரிபண்ணவரா சார்?”

“ஆமாம்மா.”

“பதினோரு மணி நேரமும் கேட்டேன். மெஷின்ல உக்காந்துக்கிட்டே, காதுல மாட்டிக்கிட்டு. ரெண்டு தடவை கேட்டேன்.”

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். என் அறைக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டேன். அவர் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அதுல எங்கப்பா இருக்கார் சார். பாட்டு எடுத்துக் குடுக்கறவர். எனக்கு நாலு வயசுல அவர் போயிட்டார். முகம் இருக்கு, ஒரு ஃபோட்டோல. ஆர்மோனியத்துக்குப் பின்னாடி பாதி முகம். குரல்தான் இல்ல. ராஜா வேஷம் கட்டுவாரே, அவர் எங்க கடைக்குப் பக்கத்துலதான் இருந்தார். போன வருஷம் அவரும் போயிட்டார். அவர்தான் சொன்னார், ‘கேசட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்களாம், போய்க் கேளு, என் குரலுக்கு முன்னாடி உங்கப்பன் குரல் வரும்’னு. அந்தக் குழுவுல எழுத்துத் தெரிஞ்சது எங்கப்பா ஒருத்தருக்குத்தானாம். ‘நான் எங்க ராஜா, உங்கப்பன் சொன்னதைத் திருப்பிச் சொன்ன கிளிப்பிள்ளை’ன்னு சிரிப்பார்.”

அந்தக் குழுவில் அவர் ஒருவருக்குத்தான் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அட்டவணையில் திரை பிடித்தவர்கள் பெயர்கூட இருக்கிறது. எடுத்துக்கொடுப்பவருக்கு ஒரு வரி இல்லை. அந்த அட்டவணையைப் போட்டதும் நான்தான்.

“ரெண்டு தடவை கேட்டும் எங்கப்பா குரல் எங்கயும் வரல. ஆனா ஒண்ணு சார். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி ஒரு துளி எடம் ஒரு மாதிரியா இருக்கு. பழைய தையலைப் பிரிச்சு எடுத்தா துணி நல்லாத்தான் இருக்கும், ஊசி போன ஓட்டை மட்டும் தெரியும் பாருங்க, அது மாதிரி. எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் கேட்காதது, தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, ஒரு மலிவு இயர்ஃபோனில் இவருக்குக் கேட்டிருக்கிறது. காது என்ற பெயர் இவருக்குப் போக வேண்டியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். திறந்த வாய் இப்படிச் சொன்னது:

“பழைய நாடாம்மா. அங்கங்க அப்படி விட்டுப்போகும். மைக்கு தூரத்துல இருந்திருக்கும். அவர் குரல் அதுல விழவே இல்ல.”

சரளமாக வந்தது. நாடா பற்றி, பூஞ்சை பற்றி, அந்தக் கால மைக்குகள் பற்றி இன்னும் நாலு வாக்கியம் சேர்த்தேன். பொய்க்கு நடுவில் என் தொழில் அறிவையும் கொஞ்சம் காட்டிக்கொண்டேன். அவர் தலையாட்டிக் கேட்டார். நம்பிவிட்டார். நம்பியது முகத்தில் தெரிந்தது, தோள் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

“பரவால்ல சார். விழாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ராஜா குரலையாவது காப்பாத்திக் குடுத்தீங்களே.”

எழுந்தவர் என் மேசையைப் பார்த்து நின்றார். என் ஹெட்ஃபோனின் காது மெத்தைகள் உரிந்து கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தன. நாள் முழுக்க மாட்டுவதால் என் காதோரத்திலும் கறுப்பு ஒட்டும்.

“இதைப் போய் மாட்டிக்கிட்டு எப்படி சார் வேலை பாக்கறீங்க?” கழுத்திலிருந்த நாடாவை எடுத்து மெத்தையின் சுற்றளவை அளந்தார். “நல்ல பருத்தித் துணி இருக்கு. தைச்சு அடுத்த செவ்வாக்கிழமை கொண்டாரேன். காசெல்லாம் வேணாம்.”

வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் அந்த அறையில் இருக்க முடியவில்லை. வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது கதவைத் திறந்து வெளியே துரத்தியது.

வியாழக்கிழமை சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். யாரைப் பார்த்தாலும் என்ன நோய் என்று யோசிக்கிற பழக்கம் உண்டு.

“ரெண்டு நாளா நீங்க யாரையும் திட்டல. மாடி வீட்டு டிவியைக்கூட திட்டல. உடம்புக்கு என்ன?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, முதலில் மென்பொருளின் மேல் பழி போட்டுப் பார்த்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மீதியும் வந்துவிட்டது.

“அப்ப அந்தம்மா இப்ப கடையில உக்காந்து உங்க காதுக்கு உறை தைச்சிக்கிட்டு இருக்காங்க.”

“ஆமா.”

“உங்களுக்கு எப்படிங்க சோறு இறங்குது?”

இறங்கவில்லைதான். தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் முழுக்கத் தேடினேன். சர்வரில் இல்லை, அழித்தது அழித்ததுதான். எதற்கும் ஒரு நகல் வைத்திருக்கிற கணினி அறைப் பையனைக் கேட்டேன். “நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க,” என்று படிவத்தையே எடுத்துக் காட்டினான். பிஸ்கட் டப்பாவைத் திறந்து கேசட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நாடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற விளக்கு தெரிந்தது.

மாலை வீட்டுக்குக் கிளம்புமுன், மேசை இழுப்பறையின் அடியில் இருந்த என் பழைய வன்தட்டு ஞாபகம் வந்தது. செருகினேன். பாதியில் விட்ட வேலைகள், பழைய அமைப்புகள், கழித்துக் கட்டியவை. அதற்குள்ளே, யாரும் அழிக்கச் சொல்லாததால் அழியாமல் கிடந்தது. ‘குப்பை 1’. நாற்பது நொடி.

மாட்டிக் கேட்டேன். அதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஆனால் துடைப்பதற்காகக் கேட்டது. இப்போது ஒரு மனிதன் பேசுவது கேட்டது. சளி கட்டிய, ஒல்லியான குரல். கோபம் வந்தால் மேலே போகாமல் கீழே இறங்குகிற குரல்.

அந்தப் பெண் வருமுன் ஃபைலின் பெயரையாவது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பழைய பெயரை அழித்துவிட்டு விசைப்பலகையில் கை வைத்தபோதுதான் உறைத்தது. குரலுக்குரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. மகள் இங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து அப்பா அப்பா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. ‘அப்பா’ என்று போடலாமா என்று பார்த்தேன். எனக்கு என்ன உரிமை? பழைய பெயரையே திரும்ப அடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். காகிதப் பையிலிருந்து இரண்டு உறைகள். கருநீலப் பருத்தி, ஓரத்தில் தையலே தெரியாத தையல். அவரே ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிப் பார்த்து, இழுத்துச் சரிசெய்து, என்னிடம் நீட்டினார்.

“போட்டுப் பாருங்க சார்.”

“நீங்களே போட்டுக்கங்கம்மா,” என்றேன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். போன வாரம் நான் சொன்னது பொய்.”

அவர் கையில் ஹெட்ஃபோனோடு அப்படியே நின்றார்.

“உங்கப்பா குரல் நாடாவுல விழுந்திருந்துச்சு. நல்லாவே விழுந்திருந்துச்சு. ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். இரைச்சல்னு நெனச்சு எடுத்தேன். மூலத்தையும் நான்தான் அழிக்கச் சொன்னேன். இப்ப மிச்சம் இருக்கறது நாற்பது நொடி.”

இதைச் சொல்ல நாலு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகையில் இன்னும் நீளமாக இருந்தது. வருத்தம் தெரிவிக்கிற வாக்கியங்கள் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அவையெல்லாம் எனக்கே ஏதோ சலுகை கேட்பதாகத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

அவர் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். ஃபைலின் பெயர் அங்கே இருந்தது. வாய்க்குள் ஒருமுறை படித்தார்.

“இதுவா?”

“ஆமாம்மா. நான் வெச்ச பேர்.”

“ம்,” என்றார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். “போடுங்க.”

போட்டேன். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் எந்த நொடியில் என்ன வருகிறதென்று தெரியும். முதலில் பணிவாக, கோட்டை வாசல். பிறகு கொஞ்சம் அழுத்தி, கோட்டை வாசல். மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, பிள்ளைக்குச் சொல்வது போல. அப்புறம் ஒரு பெருமூச்சு, பக்கம் புரட்டுகிற சத்தம், அடிக்குரலில், “அடேய், உன் கோட்டைதான்டா, உன் வாசல்தான்டா, பாடித் தொலையேன்டா.”

அவர் சிரித்துவிட்டார். சத்தமாக. உடனே வாயைப் பொத்திக்கொண்டார், பொத்திய கைக்கு மேலே கண் நிறைந்தது. “இன்னொரு தடவை,” என்றார். போட்டேன். ஏழு தடவை போட்டேன். எட்டாவது தடவை கேட்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார், அளவு நாடா தொங்குகிற இடத்தில்.

“மத்ததெல்லாம்?”

“போச்சும்மா.”

“எதுவும் வராதா?”

“வராது.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் அறையைச் சுற்றிப் பார்த்தார், பஞ்சுச் சுவரை, மூடிய கதவை.

“எவ்வளவு நாள் ஆச்சு உங்களுக்கு, அதை எடுக்க?”

“நாலு மாசம்.”

“நாலு மாசமும் இங்க உக்காந்து எங்கப்பா பேசறதைக் கேட்டீங்க.”

“ஆமாம்மா.”

“ஒவ்வொரு அடியும்.”

“ஒவ்வொரு அடியும்.” சொல்லும்போதே அவர் எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது.

“ராஜா செத்துட்டார். எங்கம்மா செத்துட்டாங்க. ஆர்மோனியக்காரர் எப்பவோ போயிட்டார். எங்கப்பா எப்படிப் பேசுவார்னு இப்ப தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது உண்மை. அவர் அப்பா எங்கே இழுப்பார், எங்கே விழுங்குவார், ராணிக்கு ஏன் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பார், மூன்றாவது கேசட்டில் இருமல் தொடங்கி ஏழாவது கேசட்டில் எப்படி வளர்ந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அழிக்க வேண்டுமென்பதற்காக அவ்வளவு கவனமாகக் கேட்டவன் நான்.

அவர் தன் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். பதிவு செய்யும் பொத்தானைத் தட்டினார். சிவப்புப் புள்ளி துடித்தது.

“கூத்தைப் போடுங்க. முதல்லேர்ந்து.”

“அம்மா, எனக்கு நடிக்க வராது. என் குரல்...”

“நடிக்க வேணாம். அவர் எந்த எடத்துல எப்படிச் சொன்னாரோ அதே எடத்துல சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

போட்டேன். ஸ்பீக்கரில் மத்தளம் தொடங்கியது. கூட்டத்தின் இரைச்சல். நான் பிரித்த முதல் தையல் வந்தது, நான் ஒட்டுப்போட்ட அந்த அரை நொடி. தவறவிட்டேன். ராஜா எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் தானே பாடினார். மகள் கைநீட்டிப் பின்னால் ஓட்டச் சொன்னார்.

மறுபடி போட்டேன். இந்த முறை குனிந்து, அடிக்குரலில், வார்த்தையின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கிச் சொன்னேன், அவர் அப்பா சொல்வது போல. சொல்லி முடித்த அடுத்த மூச்சில் ராஜா அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு பாடினார், முப்பத்தெட்டு வருடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இப்படியே போனது. வாய் உலர்ந்தது. வெட்கம் போகவில்லை, ஒவ்வொரு அடிக்கும் புதிதாக வந்தது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

“இங்க இருமுவாரும்மா. ரெண்டு தடவை.”

“இருமுங்க,” என்றார்.

இருமினேன்.

அரை மணி ஆனதும் அவர் கைபேசியை எடுத்துப் பதிவை நிறுத்தினார். கடையைத் திறக்க வேண்டுமாம், ஒருவர் துணி வாங்க வருவாராம். கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்து, உறை நழுவாமல் ஒருமுறை இழுத்துவிட்டார். கதவருகில் நின்று கணக்குப் போட்டார்.

“பத்தரை மணி நேரம் பாக்கி இருக்கு சார். நாளைக்கும் வர்றேன்.”